பிரிபடாத பாகம்

நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து ஏலகிரி அடிவாரத்தில் நிலம் வாங்கி, ஆளுக்கொரு சிறு வீடும் பொதுவில் ஒரு சமையலறையும் ஒரு புத்தகசாலையும் கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்ற யோசனை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த ஏழு பேர்தான். வங்கியில் வேலை பார்ப்பவன் என்பதால் வில்லங்கம் பார்ப்பதும், கடனுக்கு வழி உண்டா என்று விசாரித்துச் சொல்வதும் என் பொறுப்பாயிற்று. நான்கு மாதமாக நான் பதில் எழுதவில்லை. காகிதங்களில் குறை எதுவும் இல்லை. மூலப்பத்திரம் சுத்தமாகவே இருக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் வேறு. அதைக் கடிதத்தில் எழுதினால் சாக்குச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

அடுக்ககங்களுக்குக் கடன் கேட்டு எங்கள் மேஜைக்கு வரும் பத்திரங்களில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு சொற்றொடர் இருக்கும். வீடு உங்களுடையது. அது நிற்கும் மண்ணில் உங்களுக்கு இத்தனை சதுர அடி. ஆனால் அந்தச் சதுர அடி எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கோ சார்பதிவாளருக்கோ காட்ட முடியாது. வாசலிலா, மாடிப்படிக்கு அடியிலா, கழிவுநீர்த் தொட்டியின் மேலா? எங்கும்தான். ஒவ்வொரு பிடி மண்ணிலும் எல்லோருக்கும் பங்கு. முதலில் இதைப் படித்தபோது பத்திர எழுத்தர் ஒருவர் தன்னையறியாமல் வேதாந்தம் பேசிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, கட்டடம் பழசாகும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தேன். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டிவிடலாம். அதுவரை எங்கும் இருந்த பாகம் அன்றைக்கு ரூபாய்க் கணக்காகி ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிடுகிறது. வேதாந்தம் அத்துடன் சரி.

நம் மொழியில் பகிர்தல் என்றால் பிரித்தல். பகு என்ற வேரில்தான் பகுதியும் பகிர்வும் நிற்கின்றன. பகையும் அந்த வேரில்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால் இனி ஒரே அடுப்பு இல்லை என்று பொருள். சேர்ந்திருப்பதைச் சொல்ல நமக்கு வேறு சொற்கள் உண்டு. ஆனால் எதையாவது பொதுவில் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே கத்தியைக் கையில் எடுத்துக்கொள்கிற மொழி இது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் முன்னோர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்றுதான் படுகிறது.

ஆம்பூர்க் கிளைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு லைன் வீட்டில் மூன்றாவது போர்ஷனுக்குக் குடிபோனேன். மொத்தம் ஏழு போர்ஷன். ஒரே நடை, ஒரே மோட்டார், ஒரே குழாய், இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. நடுச்சுவர்கள் ஓடு வரை எழும்பவில்லை. நான்காவது போர்ஷன் பையன் எந்த வாய்ப்பாட்டில் தடுக்குகிறான் என்பது எனக்குத் தெரியும். நான் எத்தனை மணிக்கு விளக்கணைக்கிறேன் என்பது அவன் அம்மாவுக்குத் தெரியும். அவன் அம்மா காலையில் ஷூ கம்பெனி பஸ் பிடிக்க ஓடும்போது, உலையில் கிடந்த சோற்றை வடிப்பது ஐந்தாவது போர்ஷன்காரியின் வேலை. யாரும் அவளுக்கு இட்ட வேலை இல்லை. அவளும் அதைச் சந்தோஷமாகச் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் போர்ஷனில் ஒரு ஆயா. மோட்டார் சுவிட்ச் இருந்த மரப்பெட்டியின் சாவி அவள் இடுப்பில் தொங்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும், அது குடிக்க. பாலாற்றங்கரை ஊருக்கு மேட்டூரிலிருந்து குடிதண்ணீர் வருவதை யாரும் விசித்திரமாக எடுத்துக்கொள்வதில்லை. மற்றதற்கெல்லாம் உப்பு கரிக்கிற போர் தண்ணீர். காலை அரை மணி, மாலை அரை மணி மோட்டார் ஓடும். அந்த ஒரு மணி நேரமும் சண்டை. 'யம்மா, நீ இன்னா கல்யாணத்துக்கா ரொப்புற?' என்று ஆரம்பிக்கும். குழாயடிச் சண்டை என்று கேலியாகச் சொல்வதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். மூன்று வருஷம் அதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதில் யார் வீட்டில் விருந்தாளி, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் நேற்று அடுப்பெரியவில்லை என்ற கணக்கு முழுக்க இருந்தது. சத்தம் போட்டுக்கொண்டே அந்தக் கணக்குப்படி குடங்கள் நிரம்பின.

ஏழாவது போர்ஷனுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்ப்பவர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து சேர்ந்தார். உப்புப் போட்டு வரும் தோலை ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி களைந்து, சதை நீக்கிய பிறகுதான் மற்ற வேலைகள். அந்த முதல் கட்டத்தில் நிற்பவர்களுக்கு விரலிடுக்கில் சுண்ணாம்பு தின்ற வெடிப்பு இருக்கும். வாசனை சோப்புக்குப் போகாது. இந்த ஊரில் ஷூ தைப்பவர், தோலை ரகம் பிரிப்பவர், கணக்கெழுதுபவர், ஏற்றுமதி செய்பவர், அவருக்குக் கடன் தரும் வங்கியில் உட்கார்ந்திருக்கும் நான், எல்லோருமே அந்தத் தொட்டியிலிருந்துதான் சாப்பிடுகிறோம். வாசனை மட்டும் அவருக்கு.

அவர்கள் வந்த மாதத்தில் குழாயடியில் சண்டை குறைந்தது. அதுதான் எனக்குக் கவலை தந்திருக்க வேண்டும். பெண்கள் அந்தம்மாவோடு சண்டை போடவில்லை. அவள் குடத்தோடு வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். யாரும் ஜாதியைச் சொல்லவில்லை. 'வாசனை' என்றுதான் சொன்னார்கள். ஓனர் பாய் மாதம் ஒருமுறை வாடகைக்கு வருபவர். அவரிடம் யாரோ முறையிட்டிருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்தார். 'சார், நீங்க படிச்சவரு. ஒரு டைம் டேபிள் போட்டுக் குடுங்க, பிரச்னை தீந்துரும்.'

எழுதிக் கொடுத்தேன். ஒரு வெள்ளை அட்டையில் நீல மையில் ஏழு வரிகள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் பன்னிரண்டு குடம். யாருக்கும் ஒரு குடம் கூடவோ குறையவோ இல்லை. வரிசை முதலாவதிலிருந்து ஏழாவது வரை, போர்ஷன் எண்படி. இதைவிட நியாயமான பட்டியல் இருக்க முடியுமா? அவர் ஷாப்பிலிருந்து வர ஏழு மணியாகிறது, கடைசி முறைதான் அவருக்குத் தோது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது மாலைக்குத்தான் பொருந்தும் என்பதும், கோடையில் ஏழாவது முறை வரும்போது போர் காற்றைத்தான் இறைக்கும் என்பதும், முறையைத் தினம் ஒன்றாகச் சுழற்றி எழுதியிருந்தால் இரண்டுமே தீர்ந்திருக்கும் என்பதும் எழுதும்போதே எனக்குத் தெரியும். பி.ஏ. படிப்பெல்லாம் தேவைப்படாத கணக்கு இது. சுழற்றி எழுதினால் அவள் குடம் ஒரு நாளாவது முதலில் வைக்கப்படும். அதைத்தான் அந்த வீடு கேட்கவில்லை. வீடு கேட்காததை நான் எழுதவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அட்டை வருவதற்கு முன்பு ஆயா நடுப்பகலில் சில நாள் பெட்டியைத் திறந்து ஏழாவது போர்ஷனுக்காகப் பத்து நிமிஷம் மோட்டார் போடுவாள். திட்டிக்கொண்டேதான் போடுவாள், அந்தப் பெண்ணின் வம்சத்தையே இழுப்பாள். அட்டை வந்த பிறகு, 'போர்டுல போட்டுக்கீதே, நான் இன்னா பண்ண?' என்று சொல்லிவிட்டாள். விதி அவளை இரக்கத்திலிருந்து விடுவித்துவிட்டது. இதை வைத்துக்கொண்டு பழைய முறையே மேல் என்று சொல்லக் கை துறுதுறுக்கிறது. ஆனால் ஒரு கிழவியின் மனநிலையை நம்பிக் குளிப்பதும் பிழைப்பல்ல. பன்னிரண்டு குடம் என் உரிமை என்று எழுத்தில் இருப்பதைச் சுண்ணாம்புத் தொட்டிக்காரர் விரும்பியும் இருக்கலாம். அவரிடம் நான் கேட்கவில்லை. ஏழு மாதத்தில் அவர்கள் காலி செய்தார்கள். சாமான் வண்டி நின்றுகொண்டிருந்தபோது அட்டைக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்துச் சிரித்து, 'ஒங்க கையெழுத்து நல்லாக்கீது சார்' என்றார்.

ஏலகிரித் திட்டத்துக்கு முன்னோடியாக நண்பர்கள் மேற்கோள் காட்டுவது டென்மார்க். 1967இல் போடில் கிராய் என்ற பெண்மணி, ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்ற கருத்தில் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதையொட்டிக் கூடியவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 1972இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே சேட்டடாமன் குடியிருப்பைக் கட்டினார்கள். தனி வீடுகள், நடுவில் பொது வீடு, முறை வைத்துச் சமையல். எங்கள் லைன் வீட்டில் ஒரு குழந்தைக்குப் பதினான்கு பெற்றோர் இருந்தார்கள். பதினான்கு பேரும் அடிப்பார்கள் என்பதுதான் வித்தியாசம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நிஜ வித்தியாசம் அதுவல்ல. டென்மார்க்காரர்கள் அண்டைவீட்டுக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் கூடிப் பேசி, ஒத்த மனதுள்ளவர்கள் என்று தெரிந்த பிறகு செங்கல் வைத்தார்கள். அவர்கள் ஊரில் அது எவ்வளவு குற்றமற்றது என்பதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லை. நம் ஊரில் ஒத்த மனம் என்ற தேர்வை வைத்தால் வெளியே வரும் பதில் என்னவாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

கூட்டு வாழ்வுக்காகத் தமிழ்நாட்டில் கட்டப்பட்டதில் சிறந்தது எது என்று ஒரு கட்டடக்கலைஞரைக் கேட்டால் அக்ரகாரத்தைக் காட்டுவார். பொதுச் சுவர், தெரு முழுக்கத் தொடரும் திண்ணை, பின்னால் கிணறு, ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்து வீட்டுக் கூடம். அத்தனையும் சாத்தியமானது, அந்தத் தெருவுக்குள் வரக்கூடாதவர்கள் யார் என்பது முன்பே தீர்மானமாகியிருந்ததால். பகிர்வின் ஆழமும் வேலியின் உயரமும் அங்கே ஒரே அளவுகோலில் ஏறின. நம் ஏழு பேரின் பெயர்களை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எல்லோரும் ஜாதியை எதிர்த்து எழுதியவர்கள்தான். பெயர்களை மேலிருந்து கீழாகப் படித்தபோது எனக்கு அந்த அட்டை ஞாபகம் வந்தது. மேலே சொல்ல வேண்டாம். படிக்கிறவர்களுக்குத் தங்கள் பெயர்கள் தெரியும்.

தேர்ந்தெடுக்காமல் சேர்ந்திருப்பது முடியுமா என்று கேட்டால், முடியும். அதையும் இந்தப் பக்கத்திலேயே பார்த்திருக்கிறேன். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் தெருக்களில் லாட்ஜுகளின் பெயர்ப்பலகைகள் வங்காளியில் இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வருபவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஓட்டல் சாப்பாடு கட்டாது என்பதால் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். அம்மாவின் சிகிச்சைக்காக அப்படி ஒரு லாட்ஜில் இருபத்துமூன்று நாள் இருந்தேன். மாடியில் மூன்று அறைக்கு ஒரு சமையல் மேடை. பக்கத்து அறையில் முர்ஷிதாபாத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு வங்காளி தெரியாது. கடுகெண்ணெய்ப் புகை அம்மாவுக்கு ஆகாது என்று தெரிந்ததும் அந்தப் பெண் அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து மீன் வறுத்தாள். அவள் கணவனுக்கு ரத்தம் தேவைப்பட்டபோது நான் போனேன். யார், என்ன, எந்த ஆளுங்க என்ற கேள்வியைக் கேட்க இருவருக்கும் பாஷை இல்லை. அது ஒரு பெரிய சௌகரியம்.

நெகிழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே பகிர்வு நடந்ததற்குக் காரணம் எல்லோரும் போய்விடுவோம் என்பது. யாருக்கும் அங்கே பத்திரம் இல்லை. எந்த அடுப்பு யாருடையது என்று பத்து வருஷத்துக்குப் பேச வேண்டியதில்லை. நோய் எல்லோரையும் ஒரே போர்ஷனில் வைத்துவிட்டது. காயல்பட்டினம் பக்கம் விருந்துகளில் இரண்டு மூன்று பேர் ஒரே சஹனில் உண்பார்கள். அவரவர் முன்னால் இருக்கும் சோற்றைத்தான் எடுப்பார்கள், கோடு எதுவும் இருக்காது. ஒரு வேளைக்கு அது முடிகிறது. லாட்ஜில் இருபத்துமூன்று நாளைக்கு முடிந்தது. நாம் கேட்பது ஆயுளுக்கு.

ஆயுளுக்கும் அதற்கு மேலும் பொதுவில் வைத்துக்கொண்ட ஒன்று இந்தத் தோல் பிரதேசத்தில் உண்டு. அது கழிவு. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில் இருக்கிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதும் அதே தீர்ப்பில். தனித்தனியாகச் சுத்திகரிக்க முடியாத சிறு ஷாப்புகளுக்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஷாப்புகள் பங்குதாரர்கள். பகிர்வின் உதாரணமாக எந்த மாநாட்டிலும் இதைக் காட்டலாம். தீர்ப்பையொட்டி அமைந்த ஆணையம் 547 தோல் தொழிற்கூடங்கள் சேர்ந்து, பாதிக்கப்பட்ட 29,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் தர வேண்டும் என்று கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தேன். தொழில் புத்தி. தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றின் விலை. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றைப் பற்றி, இதே இழப்பீட்டைப் பற்றி ஆணையிட வேண்டியிருந்தது.

அதற்குப் பத்து வருஷம் முன்பு, 2015 ஜனவரி 31ஆம் தேதி, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. விடியுமுன் நேரம். பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்துக்காரர்கள். முர்ஷிதாபாத்துப் பெண்ணை நினைக்காமல் என்னால் அந்தச் செய்தியை நினைக்க முடிவதில்லை, அவளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும். வேலை செய்த இடத்திலேயே பாய் விரித்துச் சேர்ந்து தூங்கியதும் பகிர்வுதான். எல்லோருடைய சேறும் ஒரே தொட்டியில் நின்றதும் பகிர்வுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சேற்றில் எந்தப் பிடி எந்த ஷாப்புடையது என்று காட்ட முடியாது. பிரிபடாத பாகம் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். லாபத்தை அவரவர் கணக்கில் வரவு வைக்க முடிகிறது. பழியை மட்டும் ஒவ்வொரு துளியிலும் எல்லோருக்கும் என்று கலக்கிவிட முடிகிறது. எல்லோருக்கும் என்றால் அநேகமாக யாருக்கும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு பகிர்வு எங்கள் கவுண்டரில் தினமும் நடக்கிறது. ஜாமீன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. நாலு பேர் ஜாமீன் போட்டால் ஆளுக்குக் கால் பங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை; வங்கி யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் கேட்கலாம். நோட்டீஸ் போனதும் வந்து நின்று, 'கையெழுத்துத்தானே சார் போட்டேன்' என்பார்கள். அப்போதெல்லாம் நான் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்து வழக்கம், இப்போது கம்ப்யூட்டர் திரை. வங்கி இதைத் தர்மத்துக்காகச் செய்யவில்லை, தன் பணத்துக்காகச் செய்கிறது. ஆனாலும் ஒருவன் தன் பங்குக்கு மட்டும் அல்ல, முழுவதற்கும் பொறுப்பு என்ற எண்ணத்தை இவ்வளவு ஸ்தூலமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. லைன் வீட்டில் நான் என் பன்னிரண்டு குடத்துக்கு மட்டும் பொறுப்பாக இருந்தேன்.

இனி ஏலகிரி. தென் மாவட்டங்களில் கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் நீர்க்கட்டி பல ஊர்களில் தலித்தாக இருப்பார். ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இருக்காது. அதனாலேயே பாரபட்சம் பார்க்கமாட்டார் என்று நிலக்காரர்கள் நம்பினார்கள். கொடுமையான ஏற்பாடு. நிலம் இல்லாததை ஒரு தகுதியாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு விவேகமும் இருக்கிறது: மடையின் சாவி, தண்ணீர் யாருக்கு வேண்டுமோ அவர்கள் கையில் இருக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் திட்டத்தில் சமையலறை எங்கே, புத்தக அலமாரி எந்தத் திசையில் என்றெல்லாம் வரைபடம் இருக்கிறது. மோட்டார் சாவி யாரிடம் என்று எங்கும் இல்லை. எட்டாவதாக ஒரு வீடு கட்டி, நாம் தேர்ந்தெடுக்காத ஒருவருக்கு, நமக்குச் சமமான பாகத்தோடு, சாவியையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுக்காத ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு நண்பர் கேட்பார். வாட்ச்மேன் வைத்துக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று இன்னொருவர் கேட்பார். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு: பத்திரத்தில் பெயர். முதல் கேள்விக்கு இல்லை. ஓனர் பாய்க்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்தவருக்கு வீடு கொடுத்தார். அந்த விஷயத்தில் அவர் எங்கள் எல்லோரையும்விட நேர்மையானவர்.

கடன் விஷயம். ரத்த உறவில்லாத ஏழெட்டுப் பேருக்குக் கூட்டாக வீட்டுக்கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். ஆளுக்குத் தனியாகக் கடன் வாங்கி, ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் ஜாமீன் போடுவது ஒரு வழி. எட்டாவது பெயருக்கும் நாம்தான் போட வேண்டியிருக்கும். ஜாமீன் படிவத்தின் நகல்களை இந்த இதழோடு தபாலில் சேர்த்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. அதற்கு மேலே சின்ன எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள். நிலக்காரர் ஆடி கழிந்ததும் அட்வான்ஸ் கேட்கிறார்.